சுவரில் மாட்டிய கைத்தடி

கைத்தடி ஊன்றிக்கொண்டு பாஸ்டர் மேடை ஏறியதைப் பார்த்ததும், அல்லேலூயா அத்தைக்கே அன்றைக்கு அல்லேலூயா வாயில் வரவில்லை.

"என்ன சிஸ்டர் இது? ஊருக்கெல்லாம் சுகமளிக்கும் கூட்டம் நடத்திட்டு, இவரே தடி ஊனிட்டு வர்றாரு?" என்று பக்கத்திலிருந்த பெயிண்டரின் மனைவியிடம் கிசுகிசுத்தார். அத்தையின் கிசுகிசு ஆண்கள் பக்கம் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.

கடைசி வரிசையில் இருந்த பெயிண்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவருடைய தடி! பிடியில் ஒட்டியிருந்த பச்சைப் பெயிண்ட்கூட அப்படியே இருந்தது.

ஏணியிலிருந்து விழுந்து முட்டி உடைந்த நாளிலிருந்து அவரைத் தாங்கிய தடி. போன சுகமளிக்கும் கூட்டத்தில் பாஸ்டர் தலையில் கை வைத்து ஜெபித்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. வலி போன இடம் தெரியவில்லை. தடியை வீசிவிட்டு மேடைவரை நடந்தார். சபையே கைதட்டி அழுதது. அன்றைக்கே தடியைச் சபைச் சுவரில் உயரத்தில் ஆணி அடித்து மாட்டினார்கள். அது அவரே வெள்ளையடித்த சுவர். கீழே 'கர்த்தர் செய்தார்' என்று எழுதிக் கொடுத்ததும் அவர்தான்.

அன்றைக்கு நடந்தது பொய்யில்லை. ஆனால் பத்துப் பதினைந்து நாளில் வலி திரும்பி வந்ததும் பொய்யில்லையே!

யாரிடம் போய்ச் சொல்வது? சபையில் சொன்னால், "விசுவாசம் குறைஞ்சிடுச்சு பிரதர்" என்பார்கள். மனைவியோ தெருவில் ஒரு வீடு விடாமல் சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

போதாக்குறைக்கு, விஷயம் கேள்விப்பட்டு மேஸ்திரி வேறு வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார். நாளைக்கு மூன்று மாடிக் கட்டிடம். சாரம் கட்டியாகிவிட்டது. இந்த முட்டியோடு ஏறினால் என்ன ஆகும் என்று பெயிண்டருக்கு நன்றாகத் தெரியும். முடியாது என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

போன வாரம் வாசல் படியில் சுவரைப் பிடித்துப் பிடித்து அவர் இறங்கியதை பாஸ்டர் பார்த்துவிட்டார்.

"என்ன பிரதர், கால்ல?"

"ஒண்ணுமில்ல ஐயா. புதுச் செருப்பு, கடிக்குது."

பாஸ்டர் குனிந்து பார்த்தார். குதிகால் தேய்ந்த பழைய செருப்பு.

இப்போது அதே பாஸ்டர் தடியோடு நிற்கிறார். அத்தைக்குப் பொறுக்கவில்லை. எழுந்தே கேட்டுவிட்டார்.

"பாஸ்டர், உங்களுக்கே தடியா?"

"கையில இருந்தா விழமாட்டோம்ல சிஸ்டர்."

"அப்ப ஜெபம்?"

"அது பாட்டுக்கு நடக்குது." பாஸ்டர் சிரித்தார். "சுகம் ஒரே நாள்ல வந்தாலும் கர்த்தர் தர்றதுதான். மெதுவா வந்தாலும் அவர் தர்றதுதான். வந்துட்டுப் போய், மறுபடி வந்தாலும் அவர் தர்றதுதான். அதுவரைக்கும் தடி ஊனினா அவர் கோவிச்சுக்க மாட்டாரு. டாக்டர், மாத்திரை, தடி எல்லாம் அவர் வீட்டுச் சாமான்தானே?"

"விசுவாசம் குறைஞ்சா இப்படித்தான் பேச்சு வரும்" என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்தார் அத்தை. அதுவும் மேடைவரை கேட்டது. பாஸ்டர் வேதாகமத்தைத் திறந்தார்.

ஆராதனை முடிந்து எல்லாரும் போனபிறகு பாஸ்டர் பெயிண்டரைக் கூப்பிட்டார்.

"கேக்காம எடுத்துட்டேன், மன்னிச்சுக்கோங்க பிரதர். சுவர்ல சும்மா தொங்குறதுக்கு, உங்ககிட்டயே இருக்கட்டும்."

"அப்ப உங்களுக்கு, ஐயா?"

"நான் பாத்துக்குறேன். நீங்க படியில பாத்து இறங்குங்க."

தடியை ஊன்றியதும் முட்டிக்கு உயிர் வந்தது. தெருவுக்கு வந்ததும் முதல் வேலையாக மேஸ்திரிக்குப் போன் போட்டார் பெயிண்டர்.

"மேஸ்திரி, முட்டி இன்னும் சரியாகலை. சாரம் ஏற மாட்டேன். கீழ நின்னு செய்யுற வேலை இருந்தா சொல்லுங்க."

தெருவில் காத்திருந்த மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கிவிட்டது.

"இத்தனை நாளா வலிச்சுதா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. கெடுக்க மனசு வரலை."

"நல்லா கெடுத்தீங்க! எனக்குச் சாட்சியா முக்கியம்? நீங்க சாரத்துலேருந்து விழுந்திருந்தா நான் யாருகிட்ட போய்ச் சாட்சி சொல்றது?"

நான்கு எட்டு நடந்ததும் பெயிண்டர் நின்றுவிட்டார். "பாவம், தடியை நம்மகிட்ட குடுத்துட்டு மனுஷன் எப்படி வீடு போய்ச் சேருவாரு? கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வந்துடலாம். பாஸ்டருக்கே தடின்னா நமக்கென்ன வெட்கம்னுதானே எனக்கும் இன்னைக்கு வாய் வந்துச்சு."

இருவரும் திரும்பி வந்து கதவைத் தள்ளினார்கள்.

சபையில் வேறு ஒருவரும் இல்லை. 'கர்த்தர் செய்தார்' எழுத்துக்கு மேலே ஏணி சாய்ந்திருந்தது. அதன் உச்சிப்படியில் நின்றுகொண்டு, ஆணியைப் பிடுங்கிய ஓட்டையில் ஏதோ ஒரு பாட்டை முனகியபடி பட்டி பூசிக்கொண்டிருந்தார் பாஸ்டர். பூசி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டார். கிடுகிடுவென்று இறங்கியவர், கடைசி மூன்று படிகளை மிச்சம் வைத்து ஒரே குதியாகத் தரையில் குதித்தார்.