காய்ச்சல் போன வழி

காய்ச்சல் விட்டு மூன்று நாளாகியும் முகில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கொடுத்த கஞ்சியைக் குடித்தான், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். ஐந்து வயது மகனிடம் இவ்வளவு ஒழுங்கைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. போன மாதம்வரை எங்கள் ஃப்ரிட்ஜுக்குள் ஒரு மீசைக்காரர் குடியிருந்தார். கதவை மூடியதும் விளக்கை அணைப்பவர் அவர்தான். அவருக்குக் குளிருமே என்று என் ஸ்வெட்டரை முகில் தயிருக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்தான். நேற்று அவரைப் பற்றி நானாகவே கேட்டேன். “ஃப்ரிட்ஜுக்குள்ள யாரும் இருக்க முடியாதும்மா” என்றான். “பையன் நல்லாத்தான் இருக்கான்” என்று டாக்டர் சொன்னது என் காதில் ஏறவில்லை. காய்ச்சல் போகும்போது அவனிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போய்விட்டது என்றே நினைத்தேன். இன்று காலை அவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். குந்தி உட்கார்ந்து துவட்டும்போது, குளியலறை மூலையில் தண்ணீர் வடிவதையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். “அம்மா, காய்ச்சல் போகுது பாரு.” “எங்கடா போகுது?” “கீழ் வீட்டு மாமாவுக்கு. ஆபீஸுக்கு லீவு போடணும், கொஞ்சம் தாடான்னு கேட்டாரு.” துண்டை என் முகத்தில் அழுத்திக்கொண்டேன். அவன் என் தோளைத் தட்டினான். “அழாதம்மா. ரெண்டு நாளுக்குத்தான் குடுத்திருக்கேன்.”