வெளிப்படி

நேற்றுச் சாயங்காலத்திலிருந்து காணாமல் போயிருந்த ஏணிப்படி பெரியவளின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. மகள் நேற்றுப் போட்டிருந்த சட்டையைத் தேடிப்போன சின்னவளின் காலில்தான் அது இடித்தது. பழைய போர்வையில் சுற்றி, சுவர் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தாள் பெரியவள்.

சின்னவள் அதைத் தரதரவென்று பின்பக்கத் தோட்டத்துக்கு இழுத்து வந்து கணவன் முன்னால் போட்டாள். "பாருங்க, உங்க அண்ணியோட லட்சணத்தை! எங்கயாவது கழண்டு விழுந்திருக்கும்னு சொன்னீங்களே."

அவன் நீச்சல் தொட்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஏணியின் காலுக்கு அடியில் ரப்பர் விரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தான். தரைக்கு மேலே நெஞ்சுயரம் நிற்கும் நீலத் தொட்டி. ஏணி அதன் சுவரைத் தாண்டிக் கவட்டை விரித்து நின்றது. ஒரு பக்கம் வெளியிலிருந்து ஏற, மறுபக்கம் தண்ணீருக்குள் இறங்க. ஒரே துண்டாகக் கழலும் வெளிப்படி இல்லாமல் இப்போது அந்தப் பக்கம் வெறும் சட்டம்தான் இருந்தது.

"நல்லாத்தானே மாட்டினேன். உள்பக்கக் காலுக்கு மணல் பையெல்லாம் கட்டி, ஆட்டிப் பார்த்து, நானே ஏறிக் குதிச்சும் பார்த்தேன்" என்றான்.

"தானா கழலல. போல்ட் எல்லாம் போர்வைக்குள்ளயே பத்திரமா இருக்கு. உட்கார்ந்து நிதானமா கழட்டியிருக்காங்க."

அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் பொதுவான தோட்டம் அது. தம்பி, படம் போட்ட தாளைத் தலைகீழாகவும் நேராகவும் வைத்துப் பார்த்து ஏணியைப் பூட்டி முடித்த அன்றே, அண்ணன் மனைவி தன் பின்வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னாள். "தம்பி, இந்த வெளிப்படியைத் தூக்கி எடுக்கிற மாதிரிதானே கொக்கி குடுத்திருக்கான்? குளிச்சு முடிச்சதும் எடுத்து உள்ள வெச்சிடுப்பா."

சின்னவளுக்குச் சுர்ரென்று வந்தது. ஆசைப்பட்டு ஒரு பொருள் வாங்கினால் அதிலும் ஒரு நொட்டை சொல்ல வேண்டுமா? "தினமும் யாரு கழட்டி மாட்டுறது? நீங்க எதைப் பூட்டினாலும் போல்ட் மிச்சமாகுமே, அதைப் போட்டு முடுக்கிடுங்க" என்று பெரியவளின் காதில் விழும்படியே சொன்னாள். அவனும் முடுக்கினான்.

ஆனால் சின்னவளின் வயிற்றெரிச்சல் தொட்டியால் வந்ததில்லை. மகள் நடக்கத் தொடங்கியதிலிருந்தே அவள் கால் பெரியம்மா வீட்டுப் பக்கம்தான் திரும்பியது. அம்மா கூப்பிட்டால் சிரிப்பாள். பெரியம்மா கூப்பிட்டால் ஓடுவாள்.

நேற்று மதியமும் அதேதான். மகளைப் பக்கத்தில் போட்டுத் தட்டிக்கொண்டே சின்னவள் கண்ணயர்ந்துவிட்டாள். விழித்துப் பார்த்தால் படுக்கையில் ஆள் இல்லை. பெரியம்மாவின் மடியில், அவளுடைய புடவையைச் சுற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள்.

"யாரைக் கேட்டு தலைக்கு ஊத்தினீங்க? சளி பிடிச்சா ராத்திரி முழிக்கப்போறது நான்தானே?" என்று சின்னவள் கத்தினாள். பெரியவள் குழந்தையின் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

இப்போதும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் தோட்டத்துக்கு வந்தாள் பெரியவள். தரையில் கிடந்த படியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"வாங்கக்கா, வாங்க. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே. கட்டிலுக்கு அடியில வெச்சு என்ன, அழகு பார்க்கிறீங்களா?"

"அதை மறுபடி மாட்டாதே."

"எங்க தொட்டி, எங்க ஏணி. நாலு பேர் பார்க்க நாங்க சந்தோஷமா இருந்தா உங்களுக்கு ஏன் பொறுக்கல?"

"அண்ணி, நீந்தணும்னு ஆசையா இருந்தா சொல்லுங்க. ஏணி தாங்கும்" என்று தம்பி சமாளிக்கப் பார்த்தான். பெரியவள் சிரிக்கவில்லை. சின்னவள் அவனை முறைத்தாள்.

"வாடி இங்க" என்று சின்னவள் குழந்தைக்குக் கை நீட்டினாள். அது பெரியம்மாவின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு வீறிட்டது. நீட்டிய கை அப்படியே அந்தரத்தில் நின்றதைக் கணவனும் பார்த்துவிட்டான். சின்னவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ராத்திரி பூரா உங்களைத்தான் கேட்டு அழுதா. என்ன சொக்குப்பொடி போட்டீங்க? உங்க பையன் வளர்ந்து வெளியூர் போயிட்டான்னா, என் பொண்ணைப் பிடுங்கிக்கணுமா?"

பேச்சு எல்லை மீறுவதைக் கண்ட தம்பி எழுந்தான். "நான் போய் ஸ்பானர் எடுத்துட்டு வர்றேன். மாட்டிட்டா சண்டை முடிஞ்சுது" என்று உள்ளே நழுவினான்.

தொட்டியிலிருந்து எகிறிய வெளிச்சம் பெரியவளின் முகத்தில் நெளிந்தது. கொழுந்தன் உள்ளே போய்விட்டானா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். குழந்தையின் முதுகைத் தட்டியபடியே சின்னவளின் காதருகே குனிந்தாள்.

"நேத்து நான் இவளைக் குளிப்பாட்டலடி."