எக்ஸ் போட்ட கம்பு

"கோவிச்சுக்காதீங்க சார். மட்டைக்கு இவ்வளவு விறைப்பான கம்பு போட்டா உங்க கைக்கு ஆகாது. நல்லா வளையுற கம்புதான் சரிப்படும்" என்றான் எலியேசர்.

வேதாந்தத்துக்குச் சுருக்கென்றது. மத்திய அரசில் டைரக்டர். லோதி ரோடு குவார்ட்டர்ஸில் அவர் கார் திரும்பினாலே வாட்ச்மேன் விறைத்து நிற்பான். அவரைப் போய் ஒரு கோல்ஃப் கடைக்காரன் இப்படிச் சொல்கிறானே!

"எத்தனை வருஷமாய்யா இந்த வேலை பார்க்கறே?"

"நாசரேத்துலருந்து டெல்லிக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு சார். அன்னையிலருந்து இதே வேலைதான்." எலியேசர் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினான். "நான் சொல்லலை, மெஷின் சொல்லுது. நீங்க மட்டையை வீசுத வேகம் மணிக்கு நூத்தி இருபது கிலோமீட்டர். எக்ஸ்னு போட்டிருந்தா எக்ஸ்ட்ரா ஸ்டிஃப். அதுக்கு நூத்தி எழுபதாவது வேணும். இல்லைன்னா கம்பு வளைஞ்சே குடுக்காது. பந்து மேல எழும்பாம, வலது பக்கமா பம்மிக்கிட்டே போயிரும்."

மெஷின் சொன்னதில் தப்பில்லை. எக்ஸ் கம்பு மாட்டிய மட்டையால் அவர் அடித்த இருபது பந்தும் கடைக்குள் கட்டியிருந்த வலையின் வலப்பக்கத்தில்தான் போய் முட்டின. வயசாளிகளுக்கென்று இருக்கும் 'சீனியர்' கம்பை மாட்டிக் கொடுத்ததும் பந்து ஜம்மென்று எழும்பி நேராகப் போனது. அதைப் பார்த்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"அச்சா, இதையே மாட்டிடு. ஆனா கம்பு மேல கொட்டை எழுத்துல சீனியர்னு போட்டிருக்கே! யாராவது பார்த்தா நான் தொலைஞ்சேன்."

"கம்பைப் பார்த்து யாரு சார் என்ன சொல்லப் போறாங்க?"

"எங்க செக்ரட்டரி மதியழகன் பார்ப்பார்யா!" வேதாந்தம் குரலைத் தாழ்த்தினார். "அம்பத்தொம்பது வயசுல அவர் எக்ஸ் கம்புல ஆடறார். கூட ஆட வர்றவன் மூஞ்சியைப் பார்க்கறதுக்கு முந்தி அவன் கம்பைத்தான் பார்ப்பார். போன மாசம் ஜாயிண்ட் செக்ரட்டரி ஆக வேண்டிய எங்க டைரக்டர் சதாசிவம் சீனியர் கம்போட போய் நின்னார். செக்ரட்டரி பார்த்தார். திங்கட்கிழமை ஆர்டர் வந்துடுச்சு. சதாசிவம் இப்ப பழைய ரெக்கார்டு ரூம்ல எலிக்குப் பொறி வச்சுக்கிட்டிருக்கார்."

"ஐயோ பாவம்."

"வர்ற ஞாயித்துக்கிழமை நான் அவர்கூட ஆடறேன். ஜாயிண்ட் செக்ரட்டரி பதவிக்கு என் பேர் போகுமா, இல்லை நானும் எலி பிடிக்கப் போகணுமான்னு அன்னிக்கே தெரிஞ்சுடும். ஏன்யா, இந்த எக்ஸ் ஸ்டிக்கர் தனியா கிடைக்குமா?"

எலியேசர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. டிராயரை இழுத்தான். உள்ளே எக்ஸ் ஸ்டிக்கர் ஒரு கட்டு இருந்தது. ஒன்றை உரித்து, சீனியர் என்ற எழுத்தின் மேல் கச்சிதமாக ஒட்டினான்.

"மேல ரெண்டு கோட் வார்னிஷ் அடிச்சிருதேன் சார். நாலு நாள் காயட்டும்."

"நாலு நாளா? நாளன்னிக்கு ஆட்டம்யா! வார்னிஷெல்லாம் வேண்டாம், ஜல்தி கொடு."

"உங்க இஷ்டம் சார்."

ஞாயிற்றுக்கிழமை. கோல்ஃப் மைதானத்தில் மே மாத டெல்லி வெயில் காலை ஏழு மணிக்கே மண்டையைப் பிளந்தது. மதியழகன் வந்ததும் வராததுமாகக் கையை நீட்டினார்.

"புது மட்டையா வேதாந்தம்? காட்டுங்க." கம்பைத் திருப்பிப் பார்த்தவரின் புருவம் மேலே ஏறியது. "எக்ஸ்! பலே! வளையற கம்பெல்லாம் பார்க்ல உக்கார்ந்து பேரனுக்குக் கடலை வாங்கிக் கொடுக்கறவங்களுக்கு. என்ன சொல்றீங்க?"

"கரெக்ட் சார். வளையற கம்பு நம்ம கைக்கு ஒத்தே வராது சார்" என்றார் வேதாந்தம், கொஞ்சமும் கூசாமல்.

மதியழகன் ஓங்கி அடித்தார். பந்து உயர எழும்பி, பழைய மண்டபத்தின் கும்மட்டத்தைத் தாண்டி நேராகப் போய் விழுந்தது. இந்த வயதில் எக்ஸ் கம்பை வளைக்கிறாரே, இவர் மனுஷனா, மாடா என்று வேதாந்தம் வாயைப் பிளந்தார். அடுத்து வேதாந்தம் அடித்த பந்தும் அதே போல எழும்பியது. செக்ரட்டரியின் பந்தைத் தாண்டாமல் பத்து கஜம் முன்னாலேயே விழுந்துவிட்டதில் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி.

ஒன்பதாவது குழிக்கு வருவதற்குள் சட்டையெல்லாம் தெப்பலாகிவிட்டது. கம்பிலும் வியர்வை வழிந்தது. ஸ்டிக்கரின் ஒரு மூலை லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. வேதாந்தம் அதைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே நடந்தார்.

"உங்க மட்டையைக் கொடுங்க, ஒரு அடி அடிச்சுப் பார்க்கறேன்."

"வேண்டாம் சார், இது வந்து..."

சொல்லி முடிப்பதற்குள் மதியழகன் பிடுங்கிக்கொண்டார். கையை மாற்றிப் பிடித்தார். எக்ஸ் அவர் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கம்பில் 'சீனியர்' பளபளவென்று பல்லை இளித்தது.

வேதாந்தத்தின் கண்முன் எலிகள் வரிசையாக ஓடின. "சார்... கடைக்காரன் ஏதோ தப்பா... எனக்கு ஒண்ணுமே தெரியாது சார்..."

மதியழகன் கட்டைவிரலைப் பார்த்தார். கம்பைப் பார்த்தார். பையைத் தூக்கி வருபவர்கள் தூரத்தில்தான் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, கிட்டே வந்தார்.

"எலியேசர் கடையா?"

"ஆ... ஆமா சார்."

"வார்னிஷ் அடிச்சு வாங்கக் கூடாதாய்யா? என்னோடது மூணு வருஷமா அசையலை."

"சார்... அப்போ சதாசிவத்தை ஏன் சார்...?"

மதியழகன் எக்ஸை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்து அழுத்தித் தேய்த்தார்.

"ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டிக்கத் தெரியாத ஆளை ஜாயிண்ட் செக்ரட்டரி ஆக்கினா, டிபார்ட்மெண்ட் என்னய்யா ஆகும்?"