எழுத்துப் பிழை

“கார்டுல இனிஷியல் ‘கு’. டிக்கெட்டுல ‘ச’. படகுல ஏத்த முடியாது. அடுத்த ஆள் வாங்க.”

காலையிலிருந்து நானூறு அடையாள அட்டைகளைப் பார்த்துக் கண் பூத்துப்போயிருந்த சரிபார்ப்பாளர், தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

“சார், ஒரே ஒரு எழுத்துதானே சார்?” கவுன்ட்டர் கண்ணாடியின் துளைக்கு அருகே குனிந்து கெஞ்சினார் மெக்கானிக். நகக்கண்களில் கிரீஸ். பக்கத்தில், பையைத் தோளில் மாட்டியபடி பதினெட்டு வயது மகள்.

“ஒரு எழுத்து மாறினா ஆளே மாறிடும்யா. நாளைக்கு வாங்க.”

“நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு அக்கரையில நர்சிங் சேர்க்கை சார். இந்தப் படகை விட்டா இவ இடம் வேற ஆளுக்குப் போயிடும்.”

வரிசையில் ஒரு குரல் எழுந்தது. “பெத்த பொண்ணோட இனிஷியல் தெரியாத மனுஷனை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்! எங்க உயிரையும் சேர்த்து வாங்குறாரு.”

நாலு பேர் சிரித்தார்கள். மகள் வாயைத் திறந்தாள். மெக்கானிக் முந்திக்கொண்டார்.

“தப்பு என்னுதுதாங்க. அவசரத்துல என் பேரோட முதலெழுத்தைப் போட்டுட்டேன்.”

“அப்பா பேருக்கு ‘ச’ன்னா, கார்டுல ‘கு’ எப்படிய்யா வந்துச்சு?” என்று கேட்டார் சரிபார்ப்பாளர்.

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். “அது இவளைப் பெத்தவரு பேரு சார். விட்டுட்டுப் போயிட்டாரு. இவ அம்மாவை நான் கட்டிக்கிட்டப்போ இவளுக்கு நாலு வயசு.”



சரிபார்ப்பாளர் பெருமூச்சு விட்டார். பிழைதிருத்தப் படிவம் என்று ஒன்று உண்டு. எடுத்தால் மூன்று பிரதி எழுதவேண்டும் என்பதால் அதன் பெயரையே அவர் எவரிடமும் சொல்வதில்லை. இழுப்பறையைத் திறந்து அதை எடுத்து நீட்டினார்.

“சீக்கிரம் நிரப்பும்மா. பத்து நிமிஷம்தான் இருக்கு.”

மகள் நின்றபடியே எழுதினாள். அவர் படிக்காமலே முத்திரை குத்தினார். அவள் ஓடினாள், ஏறினாள், படகு நகர்ந்தது.

அதன் பிறகே படிவத்தைக் கையில் எடுத்தவர், தலையில் அடித்துக்கொண்டார்.

“யோவ், இங்க வாங்க! உங்க பொண்ணு கட்டத்தை மாத்தி நிரப்பிட்டுப் போயிட்டா. தவறான எழுத்துங்கிற இடத்துல ‘கு’ன்னும், சரியான எழுத்துங்கிற இடத்துல ‘ச’ன்னும் போட்டிருக்கா. என் வேலைக்கு உலை வைக்கிறதுக்கா?”

மெக்கானிக் பதறிப்போய்ப் படிவத்தை வாங்கினார். கடைசிக் கட்டத்தில், ‘பிழை நேர்ந்த காரணம்’ என்பதற்கு நேரே மகளின் கையெழுத்து தெளிவாக இருந்தது:

“அப்பா சொன்னது பொய். டிக்கெட் போட்டது நான். தெரிந்தே போட்டேன்.”