விழுங்கிய எழுத்து

“உன் ‘ஸ்’ எல்லாம் எங்கம்மா போச்சு? வர்ற வழியில கடல்ல போட்டுட்டியா?”

பேராசிரியர் முஃபத்தல் இப்படிக் கேட்டதும் அரங்கில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். மேடையில் நின்ற இப்திசாம் மட்டும் சிரிக்கவில்லை.

பிரெஞ்சு, ஸ்பானிஷ், மொழியியல் மூன்றையும் சேர்த்துப் படிக்கும் எங்கள் வகுப்பில் அவள்தான் முதல். ஸ்பெயினின் காதிஸில் ஒரு பருவம், பிரான்ஸின் மார்செய்யில் ஒரு பருவம் தங்கிப் படித்துவிட்டு, மொராக்கோவில் எங்கள் ஊரான தெத்துவானுக்குத் திரும்பியிருந்தாள். அன்றைக்கு அவளுடைய ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு.

காதிஸ்காரர்கள் சொல்லின் கடைசியில் வரும் ‘ஸ்’ஸை விழுங்கிவிடுவார்கள். நண்பர்கள் என்று பொருள்படும் ‘அமிகோஸ்’ அவர்கள் வாயில் ‘அமிகோ’ ஆகிவிடும். இப்திசாமும் வேண்டுமென்றே அப்படித்தான் பேசினாள்.

முஃபத்தலுக்கு அது ஆகாது. இளவயதில் ஸ்பெயினின் வடக்கே படித்தவர். உச்சரிப்பு பிசகினால் அவருக்குச் சோறு இறங்காது.

“சுத்தமான ஸ்பானிஷ்ல மறுபடி ஆரம்பி. இல்லேன்னா முதல் தரத்தை மறந்துடு.”

முதல் தரம் இல்லையென்றால், பிரான்ஸின் துலூஸில் முனைவர் படிப்புக்குக் கிடைக்கவிருந்த உதவித்தொகையும் இல்லை. அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

என் பக்கத்தில் அவள் அம்மா ஃபெத்தோமா உட்கார்ந்திருந்தார். இடுப்பில் மலைப் பெண்கள் கட்டும் சிவப்புக் கோடு போட்ட துணி. ஊரிலிருந்து வண்டி பிடித்து வந்திருந்தார். இத்தனை வருஷம் கூடப் படித்தும், இப்திசாம் மலைக்காரி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவள் பேச்சில் மலை எட்டியே பார்த்ததில்லை.

அதற்குக் காரணமும் இருக்கிறது. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் மலைக்காரர்களின் அரபிப் பேச்சு காதில் விழுந்தால் போதும், யாராவது ஒருவன் அதையே இழுத்து இழுத்துச் சொல்லிக் காட்டிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்துவிடுவான்.

“என்னப்பா சொல்றாக அவுக? ஏன் இப்புடி மொறைக்கிறாக?” என்று அம்மா என் காதைக் கடித்தார்.

மகள் பேசுவது பட்டிக்காட்டுப் பேச்சாம், பெரிய மனுஷர் பேச்சுக்கு மாறச் சொல்கிறார் என்று விளக்கினேன்.

“மாறுவாளா?”

“தெரியலைம்மா.”

இப்திசாம் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். “மாத்த மாட்டேன் சார்” என்றாள்.

பிறகு நிதானமாகச் சொன்னாள். காதிஸில் அவள் தங்கிய வீட்டுப் பெண் தலைநகர் மத்ரித்துக்கு வேலை கேட்டுப் போய், நாக்கைச் சரி பண்ணிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பப்பட்டதைச் சொன்னாள். மார்செய்யில் ஒரு நர்ஸ், தொலைபேசி மணி அடித்தாலே பாரிஸ் குரலுக்கு மாறிவிடுவதைச் சொன்னாள். இந்த வெட்கத்தைப் பற்றித்தான் அவளுடைய ஆய்வு முழுக்க.

“அவங்க வாயில தப்பில்ல சார். அதைக் கேட்டுச் சிரிக்கிற காதுலதான் தப்பு. அவங்களைப் பத்தி எழுதிட்டு, அவங்க பேச்சை வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு வந்து நின்னா, இந்த ஆய்வே பொய். தரம் போனாப் போகட்டும்.”

சற்று முன் சிரித்தவர்களில் நானும் ஒருவன். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவள் சொன்னதை அப்படியே அம்மாவுக்குச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எம்மக விட்டுக் குடுக்க மாட்டா. நாம பேசுற மாதிரி பேசுனா என்ன கொறைஞ்சு போச்சுன்னு நல்லாக் கேட்டுட்டா, பாத்தியா.”

தேர்வாளர்கள் உள்ளறைக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். முஃபத்தலே முடிவைப் படித்தார். முதல் தரம். இத்தனை வருஷம் தன் காதில் ஏறாததை இந்தப் பெண் ஏற்றிவிட்டாள் என்று கூசாமல் சொன்னார். மனுஷர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

அம்மா எழுந்து நின்று குலவையிட்டார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பேரீச்சம்பழமும் பாலும் கை மாறின. ஆளாளுக்கு இப்திசாமைக் கட்டிக்கொண்டார்கள்.

முஃபத்தல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்து மைக்கை நீட்டினார்.

“இப்படி ஒரு பொண்ணைப் பெத்தவங்க ரெண்டு வார்த்தை பேசணும். உங்க ஊர்ப் பேச்சுலயே பேசுங்க.”

மாணவர்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். பின்வரிசையில் இரண்டு பேர் இப்போதே உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். இப்திசாமும் அவர்களைப் பார்த்துவிட்டாள்.

அம்மா ஆசையோடு மைக்கை வாங்கி வாய் திறப்பதற்குள், மகள் குறுக்கே வந்து அதை எடுத்துக்கொண்டாள்.

“மன்னிச்சுக்கங்க சார்” என்றாள், பிசிறில்லாத நகரத்து அரபியில். “அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு. பேச முடியாது.”

ஃபெத்தோமா மகளை ஒரு கணம் பார்த்தார். பிறகு துணியின் நுனியை வாயில் பொத்திக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி நன்றாக இருமிக் காட்டினார்.