பக்கத்து மிஷின்

"வாயைத் திறந்து பதில் சொல்லு பாய்! ஊமையாட்டம் உக்காந்திருந்தா விட்டுடுவமா?"

ராஜ்குமார் போட்ட சத்தத்தில் கேன்டீனே திரும்பிப் பார்த்தது. எதிரே இருந்த முஹ்சின், வாயருகே கொண்டுபோன டீயை அப்படியே கீழே வைத்தான்.

காலையில் பெங்களூரு மார்க்கெட்டில் குண்டு வெடித்திருந்தது. பலருக்குப் பலத்த காயம். ஓசூரிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம்தான். பாதிப் பேருக்கு அங்கே சொந்தபந்தம் உண்டு. ஆனால் கம்பெனிக்குள் நுழையும்போதே கேட்டில் செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஷிஃப்ட் முடிகிற வரைக்கும் செய்திக்கு கேன்டீன் டிவிதான் கதி.

"நான் என்னாண்ணா பதில் சொல்றது? காலைலேர்ந்து உங்க பக்கத்து மிஷின்லதான் நின்னுட்டிருக்கேன். என்கிட்ட என்ன கேக்கறீங்க?"

"நீ வெச்சேன்னா சொன்னேன்? வெச்சது உங்க ஆளுதானே?"

"யாருன்னே இன்னும் தெரியலையேண்ணா."

"இதுல தெரியறதுக்கு என்னா இருக்குது? எங்க சித்தப்பாவா வந்து வெச்சிருப்பாரு?"

நாலு மேசையும் சிரித்தது. நாலு பேர் கேட்கிறார்கள் என்றால் ராஜ்குமாரின் நாக்குக்கு பிரேக் பிடிக்காது.

"ஒரு குடும்பம்னா ஒருத்தன் செஞ்சதுக்கு எல்லாரும் பதில் சொல்லித்தான் ஆகணும் பாய். நாளைக்கு எங்க தமிழரசன் ஒரு தப்பு பண்ணிட்டான்னு வெய்யி. கூடப்பொறந்த அண்ணன் நான், நடுத்தெருவுல நின்னு பதில் சொல்லுவேன். உன்னாட்டம் முழிச்சிட்டு உக்காந்திருக்க மாட்டேன்!"

"அந்தப் பையனை ஏண்ணா இழுக்கறீங்க? எங்க வீட்டுப் பிரியாணிக்கு முதல் ஆளா வருவான். இப்பல்லாம் கண்ணுலயே படறதில்ல."

"அவன் வேலைக்குப் போறவன்யா. உன் பிரியாணிக்கு ஏங்கிட்டா கெடக்கறான்? பேச்சை மாத்தாத!"

கேன்டீன் நடத்தும் வெங்கடப்பன் எப்போதும் கன்னடச் சேனல்தான் வைப்பார். தட்டு, டம்ளர் சத்தத்தில் டிவி பேசுவது யாருக்கும் கேட்காது. அடியில் ஓடுகிற எழுத்தைப் படித்தால்தான் உண்டு. ராஜ்குமார் சிங்காரப்பேட்டைக்காரன். பிழைக்க வந்த இடத்தில் கன்னடம் பேசக் கற்றுக்கொண்டான், எழுத்து மட்டும் இன்றுவரை அவனுக்கு ஜிலேபிதான். கூட உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அப்படித்தான். முஹ்சின் பாகலூரில் கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவன்.

அவன் தற்செயலாகத்தான் டிவியை நிமிர்ந்து பார்த்தான். பார்த்த முகம் வெளிறிப் போயிற்று. நாற்காலி கவிழ எழுந்து ஓடி, டிவியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டான்.

"பேரு வந்துடுச்சுடா!" ராஜ்குமார் துள்ளிக் குதித்தான். "ஆளு யாரோ இவனுக்குத் தெரிஞ்சவன்! மூஞ்சியைப் பாருங்கடா, பேயறைஞ்ச மாதிரி இருக்குது!"

"ஆமாண்ணா. தெரிஞ்ச ஆளுதான். நீங்க சொல்றதெல்லாம் சரி. என்ன வேணா திட்டுங்க, ஆனா டிவியைப் போட வேணாம்."

முஹ்சின் பிளக்கை விடாமல் டிவிக்கு முன்னால் மறித்து நின்றான். அதற்குள் சைரன் ஊதிவிட, எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே மிஷினுக்குத் திரும்பினார்கள்.

ராஜ்குமாருக்கு வேலையே ஓடவில்லை. குண்டு வைத்தவனைத் தெரிந்தவன் ஒருத்தன் பக்கத்திலேயே நிற்கிறான் என்றால் சும்மாவா! அதிலும் இந்த முஹ்சின் அவனை விட்டு நகரவே மாட்டேன் என்கிறான். பாத்ரூம் போனாலும் பின்னாலேயே வந்து வாசலில் நிற்கிறான். சரியாக மாட்டிக்கொண்டான், அதான் கெஞ்சப் பார்க்கிறான் என்று நினைத்தபோது ராஜ்குமாருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

ஷிஃப்ட் விட்டது. கேட்டில் தன் செல்போனை வாங்க ராஜ்குமார் கையை நீட்டினான். முஹ்சின் குறுக்கே புகுந்து அதைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"என் போனை எதுக்குய்யா எடுத்த? போலீசுக்குச் சொல்லிடுவேன்னு பயமா?"

"கால்ல வேணா விழறேண்ணா. கம்பெனி பஸ்ல போவாதீங்க. என் வண்டில ஏறுங்க. எல்லாத்தையும் சொல்லிடறேன்."

எல்லாத்தையும் சொல்கிறேன் என்றதும் ராஜ்குமாரின் கோபம் பறந்தது. ஏறி உட்கார்ந்தான். நாளைக்கு கேன்டீனில் இதை எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை கூடப் பார்த்துவிட்டான். முஹ்சினோ வாயே திறக்காமல், லாரிகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து வண்டியை விரட்டினான். பாகலூர் ரோட்டுக்குத் திரும்புவான் என்று பார்த்தால், வண்டி ராஜ்குமார் குடியிருக்கும் தெருவுக்குள் நுழைந்தது.

"இங்க எதுக்குய்யா வர்ற? உன் வீடு அந்தப் பக்கம்!"

முஹ்சின் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அத்தனை பேர் நடுவுல உங்களுக்குத் தெரிய வேணாம்னுதாண்ணா..."

ராஜ்குமார் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். தெருவெல்லாம் கூட்டம். அவன் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப். படியில் அவன் அம்மா சரோஜம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"இதோ வந்துட்டான்! குண்டு வெச்ச தமிழரசனோட அண்ணன் இவன்தான்! பதில் சொல்லச் சொல்லுங்கடா!"

கூட்டம் பாய்ந்து வந்தது. ராஜ்குமாருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. யாரோ அவன் சட்டையைப் பிடிக்கக் கையை நீட்ட, முஹ்சின் இரண்டு கைகளையும் விரித்துக் குறுக்கே நின்றான்.

"இவரு காலைலேர்ந்து என் பக்கத்து மிஷின்லதான் நின்னுட்டிருந்தாரு. இவர்கிட்ட என்ன கேக்கறீங்க?"