ஆமை பார்க்கும் நேரம்

வாண்டுவுக்கு மணல் ஆகவில்லை.

தீவு முழுக்க மணல்தான். கீழே இறக்கினால் இரண்டு கால்களையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு, சுடுகல்லில் வைத்ததுபோல் அலறினாள். மூன்று நாட்களாக என் இடுப்புதான் அவளுக்குத் தரை.

என் மகளுக்கு இன்னும் இரண்டு வயது நிரம்பவில்லை. இடுப்பில் ஏறிவிட்டால் கருங்கல் கனம்.

குழந்தைகளோடு வருபவர்களுக்கென்றே கட்டிய விடுதி இது. மேசை முனைகளில் எல்லாம் ரப்பர் ஒட்டியிருந்தார்கள். படுக்கையின்மேல் துவாலையை யானையாக மடித்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துப் பயந்து முதல் ராத்திரி அவள் தூங்கவில்லை. நானும்தான். விளையாட்டு அறை ஒன்று இருந்தது, மூன்று வயது முடிந்தவர்களுக்கு.

விளம்பரப் படத்தில் ஓர் அம்மா குடைக்கு அடியில் சாய்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் குழந்தை தள்ளி உட்கார்ந்து மணல்வீடு கட்டிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தை நம்பி நானும் ஒரு புத்தகம் கொண்டுவந்தேன். அதன் அட்டையை வாண்டு தின்றுவிட்டாள்.

எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. கழுத்துவரை கடலில் நிற்க வேண்டும். ஒரே ஒரு முறை, என்மேல் யாரும் தொங்காமல்.

என் வீட்டுக்காரர் தினமும் கடலுக்குப் போய்வந்தார். காலைச் சாப்பாடு முடிந்த கையோடு நீச்சல் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று போவார். தலை சொட்டச் சொட்ட, முகம் தெளிந்து, திரும்பி வருவார். மஞ்சள் மீன், கோடு போட்ட மீன் என்று கதை சொல்வார். ஓர் ஆமையும் உண்டு. முதல் நாள் அது பீங்கான் தட்டு அளவு இருந்தது. நேற்று டீப்பாய் அளவுக்கு வளர்ந்திருந்தது.

அந்த மீன் கதைகளைக் கேட்டுக்கொண்டே, மூக்கைப் பொத்தாத குறையாக நான் டயபர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

இன்று மதியம் ஊருக்குப் படகு. அதற்குள் என் முறை என்று நேற்றே பேசி வைத்திருந்தேன். மகள் தலைமேல் கை வைக்காத குறையாகச் சத்தியம் செய்துவிட்டுப் போன மனுஷனைக் காணவில்லை.

காத்திருந்து காத்திருந்து, வாண்டு என் கழுத்துச் சங்கிலியை மென்று முடித்த பிறகு, பலகைப் பாதையில் அவரைத் தேடிக்கொண்டு நடந்தேன். கேட்க வேண்டியதை எல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே நடந்தேன். கல்யாணத்தன்று நடந்த பழைய கதைகளும் ஒன்றிரண்டு வந்து சேர்ந்துகொண்டன.

படகுக் கொட்டகை அருகே அவரைப் பார்த்தேன்.

கொட்டகையின் பின்பக்கம், கவிழ்த்துப் போட்ட படகில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கடல் அவருக்குப் பின்னால் இருந்தது. முன்னால், கையெட்டும் தூரத்தில், பெயிண்ட் உரிந்த நீலச் சுவர். மடியில் கண்ணாடி. போன்கூட இல்லை. காய்ந்த தலைமுடி காற்றில் பறந்தது.

சும்மா உட்கார்ந்திருந்தார்.

பிறகு எழுந்தார். கால் கழுவ வைத்திருக்கும் குழாயடியில் குந்தி, தலையை நீட்டி நனைத்தார். தோளில் கொஞ்சம் தெளித்துக்கொண்டார். மறக்காமல் கண்ணாடியையும் நனைத்தார்.

வாண்டு அவரைப் பார்த்துக் கையை நீட்டி வாயைத் திறந்தாள். காலையிலிருந்து தரமாட்டேன் என்று மறைத்து வைத்திருந்த பிஸ்கட்டை அந்த வாயில் திணித்துவிட்டு, வந்த வழியே திரும்பினேன்.

ஏன் ஒளிந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எதிரில் போய் நின்றிருக்கலாம். கடலுக்காக எங்களை விட்டுப் போனவர் என்றால் சண்டை போடலாம். ஒரு சுவருக்காக விட்டுப் போனவரை என்ன செய்வது? அடுக்கி வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட அந்தச் சுவருக்குப் பொருந்தவில்லை. வயிறு எரிந்தது. கடற்கரையில் எங்கள் குடைக்கு வந்து சேரும்வரை அதைக் கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொட்டச் சொட்ட வந்தார். ஆமை இன்று குட்டியோடு வந்ததாகச் சொன்னார்.

வாண்டுவைப் பிய்த்து அவருடைய ஈர மார்பில் ஒட்டிவிட்டுக் கடலுக்குப் போனேன்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. முழங்கால் நனையும்வரை போனேன். ஓர் அலை வந்து காலைக் கட்டிக்கொண்டு இழுத்தது. விட்டுப் போனது. திரும்ப வந்து, திரும்பவும் இழுத்தது.

என்னை இழுப்பதற்கு இன்னொரு ஆள் வேண்டாம் என்று தோன்றியது.

கரையேறிக் கொட்டகைக்குப் பின்னால் போனேன். மணலில் அவர் உட்கார்ந்திருந்த பள்ளம் அப்படியே இருந்தது. அதிலேயே உட்கார்ந்தேன். படகின் முதுகு வெயிலில் இளஞ்சூடாக இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. யாரும் தொடவில்லை.

எதிரே சுவரில் பெயிண்ட் உரிந்திருந்தது. வட்டமாக ஓர் ஓடு, நான்கு பக்கமும் துடுப்பு போன்ற கால்கள், நீட்டிய தலை. பக்கத்தில் அதேபோலச் சின்னதாக ஒன்று. சுவரடியில் நீலச் சில்லுகள் புதிதாகச் சிதறிக் கிடந்தன.

சின்னதற்கு ஒரு கால் இன்னும் முடியவில்லை. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நகத்தால் சுரண்டி முடித்தேன்.

ஊருக்குப் போகும் படகின் சங்கு ஊதியது. குழாயடியில் குந்தித் தலையை நனைத்துக்கொண்டேன்.

அவர் குடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவருடைய இரண்டு பாதங்களின்மேலும் வாண்டு ஏறி நின்றிருந்தாள், மணல் படாமல். மூன்று நாளில் எனக்கு இது தோன்றவே இல்லை.

அவளை வாங்கக் கை நீட்டினேன். நகக்கண்ணில் நீலம். அவர் அதைப் பார்த்தார். சொட்டும் என் தலையைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்.

"ஆமை வந்துச்சா?"

"வந்துச்சு. உங்கள விசாரிச்சுது."